சந்தனம் காட்டிய கோடு

தொண்ணூறுகளின் பிற்பாதி. எந்த வருஷம் என்று சரியாகச் சொல்ல மனைவியைத்தான் கேட்க வேண்டும். ஆனால் இந்தக் கதையை நான் ஆரம்பித்தாலே அவளுக்கு அடுக்களையில் வேலை வந்துவிடும். அப்போது நான் கொல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினீயர். குவார்ட்டர்ஸும் அங்கேயே. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

லேக் கார்டன்ஸ் தாண்டி ஒரு சந்துக்குள் தமிழர்கள் சேர்ந்து கட்டிய சின்ன முருகன் கோயில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போய்விடுவோம். சாமியைப் பார்க்க என்பதைவிட நாலு பேரோடு தமிழில் பேச என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். விஜயதசமியன்று காலையில் அங்கே அம்பு போடுவார்கள். ஊரில் வன்னி மரத்தில் போடுவது. கொல்கத்தாவில் வன்னிக்கு எங்கே போக? வாழைமரம் ஒன்றை நட்டு, சுவாமி சார்பில் குருக்கள் அதில் மூன்று அம்பு விடுவார்.

வில் என்று அதைச் சொன்னால் வில்லுக்கே கோபம் வரும். மூங்கில் பிளாச்சை வளைத்துச் சணல் கட்டிய சமாசாரம் அது. அம்பு கிளம்பி குருக்கள் காலடியிலேயே விழும். நாங்கள் அரோகரா போடுவோம். அவரே குனிந்து பொறுக்கிக்கொண்டு போய், வாழைமரத்தில் செருகிவிட்டுத் திரும்பி வருவார். சூரபத்மன் இவ்வளவு சுலபமாகச் செத்திருந்தால் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் எதற்கு என்று என் மனைவி கேட்பாள்.

அந்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இந்தத் தடவை நிஜமான வில் ஒன்று நானே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செக்ரட்டரி ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். உடனே நோட்டில் எழுதிக்கொண்டுவிட்டார். எழுதிய பிறகு பின்வாங்க முடியுமா?

தைரியத்துக்குக் காரணம், நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகை. ஆள் உயர வில் ஒன்றை எப்படிச் செய்வது என்று படம் போட்டு விளக்கியிருந்தான். ஒரே மரத்தில் செதுக்குவதில்லை. மெல்லிய பட்டைகளாக இழைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, அச்சில் வைத்து இறுக்குவது. அம்பு விடுகிறவனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பட்டை நீண்டு கொடுக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்திருக்கிற பட்டை அமுங்கிக் கொடுக்க வேண்டும். நடுவில் இருப்பது இரண்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும். படிக்கப் படிக்க எனக்கு எல்லாம் புரிந்தது. டிராயிங் பார்த்துப் பழகிய கண் இல்லையா? மரத்தோடு என் உறவு பென்சில் சீவுவதோடு முடிந்தது என்பது மட்டும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

மரவேலைக்கு ஒருவரைப் பிடித்தேன். துறைமுக கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் கப்பலில் ஏற்றுகிற மரப்பெட்டிகள் அடித்துக்கொண்டிருந்த மிஸ்திரி. குவார்ட்டர்ஸ் ஜன்னல் இறங்கினாலும் கதவு ஒட்டினாலும் அவர்தான் வருவார். என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். பேச்சு கம்மி. ரேடியோவில் ஃபுட்பால் ஓடினால் அதுவும் கிடையாது. நான் அரைகுறை இந்தியில் கேட்பேன், அவர் பெங்காலி கலந்த இந்தியில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் புரிந்துவிடும்.

கோயிலுக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் உண்டு. கருவறைக் கதவு செல்லரித்துப் போயிருந்தது. தேக்கில் புதிதாக இரட்டைக் கதவு போடக் கமிட்டி முடிவு செய்தபோது, நான்தான் இவர் பெயரைச் சொன்னேன். கிட்டத்தட்ட நிச்சயமாகிவிட்டது. துர்கா பூஜை லீவு முடிந்ததும் வேலையைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. அவர் இரண்டு தடவை வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது தடவை தன் மனைவியையும் கூட்டிவந்து இடத்தைக் காட்டினார். அதுவரை அவர் செய்ததெல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில் கடப்பாரையால் உடைத்துத் திறக்கிற பெட்டிகள். நிற்கிற மாதிரி ஒன்று செய்யணும் சாஹேப் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

வில் வேலை ஆகஸ்டு கடைசியில் ஆரம்பித்தது. வெளிப்பக்கத்துக்கு முற்றிய மூங்கில். உள்பக்கத்துக்கு அவர்கள் பாப்லா என்று சொல்கிற கருவேலம். நடுப்பட்டைக்கு, ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்து உடைத்துப் போட்ட பெட்டியின் பலகை. வெளுப்பாக, முடிச்சு இல்லாமல், ரேகை நேராக ஓடுகிற மரம். என்ன மரம் என்று அவருக்கும் தெரியவில்லை. நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, சரி என்று எடுத்துக்கொண்டார். பட்டைகளை அவர் இழைத்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் வெர்னியர் காலிபரை வைத்து அளந்தேன். அவர் விரலால் தடவியே சொல்லிவிட்டார். எங்கள் இரண்டு பேர் கணக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

நடுவில் விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்று எந்த மிஸ்திரியும் கருவியைத் தொடமாட்டான். நம் ஊர் ஆயுத பூஜை மாதிரிதான், ஆனால் ஊரெல்லாம் பட்டம் விடும். எங்களுக்கு ஆயுத பூஜை நவமியில்தான் என்று சொன்னேன். அப்போ உங்களுக்கு இன்னொரு லீவா என்று சிரித்தார்.

மறுநாள் பசை போட்டோம். அவர்தான் போட்டார். இரண்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கலக்குகிற எப்பாக்ஸி. பட்டைகளை அச்சில் வைத்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றி, ஒர்க்‌ஷாப்பிலிருந்து நான் கொண்டுபோன கிளாம்புகளைப் போட்டு இறுக்கினோம். கொல்கத்தா மழைக்காலத்தில் உப்பு டப்பாவே தண்ணீராகிவிடும், பசை எப்படிக் காயும்? நீளப் பெட்டி ஒன்று அடித்து, உள்ளே நூறு வாட் பல்புகள் மாட்டி அதில் வைத்தார். பத்து நாள் திறக்கவே விடவில்லை. நான் தினமும் ஆபீஸ் விட்டதும் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவேன். பெட்டியைத்தான், வில்லை அல்ல.

எடுத்தபோது அழகாகத்தான் இருந்தது. வலை பின்னுகிற நைலான் நூலை முறுக்கி, மெழுகு தடவி நாண் செய்தேன். எங்கள் வீட்டு ஹால் சுவரில் முளை அடித்து, வில்லை மாட்டி, நாணைக் கயிற்றால் கீழே இழுத்து வளைவைப் பார்த்தோம். சுவரெல்லாம் சாக்பீஸ் கோடு. மனைவி பார்த்துவிட்டு, காலி பண்ணும்போது வெள்ளையடிக்கிற செலவு உங்களது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிடிக்கு மேலே இருக்கிற பாதி, அதாவது மேல் கை, கீழ்க் கை அளவுக்கு வளையவில்லை, கொஞ்சம் விறைப்பாக இருந்தது. மிஸ்திரி சுவரில் ஒரு கோடு போட்டார். இதற்குக் கீழே இழுக்காதீங்க, சுரண்ட வேண்டியது நிறைய இருக்கிறது, கொஞ்சம் சுரண்டி, நூறு தடவை இழுத்து, மறுபடி கொஞ்சம் சுரண்ட வேண்டும், பூஜை முடிந்து நான் வந்து செய்கிறேன் என்றார். விஜயதசமிக்கு வேண்டுமே என்றேன். ஆகாது என்று ஒரே வார்த்தை. அதோடு அவர் பந்தல் வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பூஜை. அந்த நாட்களில் அந்த ஊரில் ஓர் ஆணி அடிக்க ஆள் கிடைக்காது.

நானே சுரண்டினேன்.

உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்ட வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. சுருள் சுருளாக வந்தது. சுகமாக இருந்தது. சப்தமி முழுக்கச் சுரண்டினேன். எந்த இடம் சுலபமாக வந்ததோ அங்கேயே அதிகம் சுரண்டியிருக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை. அஷ்டமியன்று மிஸ்திரி போட்ட கோட்டைத் தாண்டி இழுத்துப் பார்த்தேன். வளைந்தது. ஆகா, இதற்குப் போய் இத்தனை பயமுறுத்தினாரே என்றுதான் நினைத்தேன்.

நவமி சாயங்காலம் சரஸ்வதி பூஜை. புத்தகங்கள், என் ஸ்கேல், ஸ்பேனர்கள், மனைவியின் தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் நடுவில் ஜம்மென்று வில். அவள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். வில்லின் மேல் கையில் ஒரு பொட்டு வைத்தாள். சந்தனம் கொஞ்சம் தளர்வாக இருந்தது போல, ஈரம் வழிந்து பட்டைகள் சேருகிற இடத்துக்கு வந்தது. அங்கே நிற்காமல் உள்ளே இறங்கியது. விளக்கு வெளிச்சத்தில், விரல் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. நான் சுரண்டிய இடம்.

குனிந்து பார்த்தேன். எடுத்துப் பார்க்கக் கை போனது. பூஜையில் வைத்ததைத் தொடாதீங்க என்றாள். அவள் கோட்டைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. தொடக்கூடாது என்ற சம்பிரதாயம் அன்றைக்கு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. தொட்டால் வளைத்துப் பார்க்க வேண்டும், வளைத்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் செக்ரட்டரிக்கு போன் போட்டு வில் இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்று அம்புதானே, தாங்கும் என்று எனக்கு நானே சர்ட்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். ஒர்க்‌ஷாப்பில் ஒரு கிரேன் கொக்கியில் இந்தக் கோட்டைப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே வேலையை நிறுத்தியிருப்பேன்.

விஜயதசமி காலையில் கோயிலில் நல்ல கூட்டம். வில்லை ஒவ்வொருவரும் வாங்கித் தடவிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குருக்கள் ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். வில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். முழுக்க இழுக்காதீங்க என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல இரண்டு விநாடி போதும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

முதல் அம்பு விர்ரென்று போய் வாழைமரத்தில் பாதி இறங்கியது. ஒரு நிமிஷம் யாருக்கும் அரோகரா சொல்லக்கூடத் தோன்றவில்லை. பிறகு போட்டார்களே பார்க்கணும்! இரண்டாவதும் இறங்கியது. குருக்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மூன்றாவதுக்கு நாணைக் காதுவரை இழுத்தார்.

பட்டென்று ஒரு சத்தம். மேல் கை மூன்றாகப் பிளந்தது. மூங்கில் சில் ஒன்று தெறித்துப் போய் அவர் நெற்றியைக் கிழித்தது. கையால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விரலிடுக்கில் ரத்தம். கண்ணிலா, கண்ணிலா என்று யாரோ கத்தினார்கள். அவர் கையை எடுத்தபோது கண் இருந்தது. புருவத்துக்கு மேலே, ஒரு விரல்கடை தள்ளி, ஆழமாக வெட்டு. டாக்சியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஐந்து தையல் போட்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டார்கள். கண் பிழைத்தது என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செக்ரட்டரி, உடைந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பத்துப் பேர் சுற்றி நின்றோம்.

“இதை ஒட்டினது யாரு சார்?”

“மிஸ்திரிதான்” என்றேன்.

பொய்யே இல்லை. ஒட்டியது அவர்தான். செக்ரட்டரி துண்டைக் கீழே வைத்தார். நாலு பட்டையை ஒழுங்காக ஒட்டத் தெரியாதவனா நம்ம கருவறைக் கதவைச் செய்யப்போகிறான் என்றார். பெட்டி அடிக்கிறவன் பெட்டிதான் அடிப்பான் என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலையும் லேசாக ஆடியதாகத்தான் ஞாபகம். பாவம் இன்ஜினீயர் சார், இத்தனை பாடுபட்டு இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்கள்.

உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு மனைவியோடு டாக்சியில் வீடு திரும்பினேன். கதவைச் சாத்திவிட்டு அவள் கேட்டாள்: “ஒட்டினது அவர், சரி. சுரண்டினது யாரு?”

அந்தச் சாயங்காலம் மிஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். துர்கை சிலையை ஆற்றில் கரைத்த பிறகு, பெங்காலிகள் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்த் தழுவிக்கொள்வார்கள். விஜயா என்று சொல்வார்கள். வருஷத்தில் ஏதாவது மனஸ்தாபம் இருந்தால் அதோடு போயிற்று. புதுச் சட்டை, நெற்றியில் சிந்தூரம், கையில் தேங்காயும் வெல்லமும் போட்ட உருண்டைகள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார். வலது தோள், இடது தோள், மறுபடி வலது. காலையில் அவரைப் பற்றிச் சொன்ன வாயோடு நான் நின்றேன். அவமானமாக இருந்தது. அந்த அவமானத்திலும் வாய் திறக்கவில்லை.

வில் எப்படிப் போச்சு என்று கேட்டார். உடைந்துவிட்டது என்றேன். யாருக்காவது அடிபட்டதா என்பதுதான் முதல் கேள்வி. சொன்னேன். துண்டுகளைக் கேட்டு வாங்கி, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. மறுபடி தடவினார். இங்கே நிறையப் போயிருக்கிறது என்றார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் போட்ட கோடு அங்கேயே இருந்தது. அவரும் பார்த்தார். மனைவி கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டு, பூஜை லீவு முடிந்ததும் கதவு வேலைக்கு மரம் பார்க்கப் போகலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். மறுநாள் லீவு, செக்ரட்டரி வீட்டில் இருக்கமாட்டார். அதற்கு மறுநாள் மழை. பிறகு லட்சுமி பூஜை வந்தது. கொல்கத்தாவில் அந்த மாதம் சாக்குக்குப் பஞ்சமே கிடையாது. எட்டாவது நாள் மனைவி என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். போனேன்.

செக்ரட்டரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ்திரி வேண்டாம் என்று சொல்லியும் நான் சுரண்டியது, சந்தனத்தில் கோட்டைப் பார்த்தது, தெரிந்தே கொடுத்தது. பொறுமையாகக் கேட்டார். விடுங்க சார், ஒரு மிஸ்திரிக்காக நீங்க உங்களைக் குறைச்சுக்காதீங்க, பெரிய மனசு உங்களுக்கு என்றார். நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. கதவு வேலையை முந்தாநாளே ஹவுராவில் ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

குருக்களிடமும் போய்ச் சொன்னேன். பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தவர், அதனால் என்ன, புருவத்துக்கு மேலே இன்னொரு புருவம் கொடுத்திருக்கிறான் முருகன் என்று சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாகக் கொட்டகைக்குப் போனேன். மிஸ்திரி பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். கதவு கைவிட்டுப் போன செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. நின்றபடியே முழுக்கச் சொன்னேன், இன்றைக்குக் கமிட்டியிடமும் சொல்லிவிட்டேன் என்பதையும் சேர்த்து. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா அது எனக்காகச் சொன்னது, சாஹேப். இன்னிக்குச் சொன்னது உங்களுக்காக.”

அவ்வளவுதான். டப்பாவிலிருந்து ஒரு ஆணியை எடுத்துப் பலகையில் வைத்து அடிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அங்கே இருந்தோம். வேறு இரண்டு இடங்களில் அவருக்குக் கதவு வேலை வாங்கித் தரப் பார்த்தேன், அமையவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல்களை முன்பு போலவே வந்து சரிபண்ணினார். அடுத்த விஜயாவுக்கும் வந்தார், உருண்டை கொடுத்தார், மூன்று தடவை தழுவினார். மன்னித்துவிட்டாரா, வழக்கத்துக்காக வந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதி இருப்பதாகவும் தோன்றவில்லை. நான் மாற்றலாகிக் கிளம்பிய அன்றும் அவர் பெட்டிதான் அடித்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் எங்கேயாவது ஒன்று கெட்டுப்போய், இதைச் செய்தது யார் என்று யாராவது கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அவசரக்குடுக்கை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். யாரோ செய்த கதவின் முன்னால், இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நின்று கும்பிட்டவன் நான்.